மேலே டேட்டாபேஸ், கீழே டிரெக்டரி

இரண்டு கொம்பியூட்டர்களுக்கு நடுவில் ஒரு கேபிளைப் போட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்கிறவர்களை நான் நம்புவதில்லை. எனக்கு அந்த நிம்மதி ஒருநாளும் வாய்க்கவில்லை. யுத்தம் நடந்த ஆண்டுகளில் பேராதனைப் பக்கம் ஒரு பயிற்சி நிறுவனத்தில் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். பார்த்துக்கொள்வது என்பது மரியாதைக்குச் சொல்வது. எது நின்றாலும் என்னை ஏசுவார்கள். எது ஓடினாலும் அது தன்பாட்டில் ஓடுகிறது என்பார்கள்.

அங்கே டிரெக்டரி சேர்வர் என்று ஒன்று இருந்தது. பெயர்தான் பெரிது, காரியம் லேசானது. இன்னார் இங்கே வேலை செய்கிறாரா, எந்தப் பகுதி, அடையாள அட்டை இலக்கம் என்ன, எந்த எக்ஸ்டென்ஷன் என்று கேட்டால் சொல்லும். காலையில் வந்து பாஸ்வேர்ட் அடித்தால், இவர் நம்முடைய ஆள்தானா என்று கொம்பியூட்டர் அதனிடம்தான் விசாரிக்கும். ஆனால் அதற்கென்று சொந்த ஞாபகம் கிடையாது. பெயரும் விபரமும் எல்லாம் டேட்டாபேஸில் இருந்தன, அது வேறொரு மெஷின். டிரெக்டரி கீழ்க் கட்டடத்தில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து அறையில். டேட்டாபேஸ் ஏற்றத்தில் இருந்த மேல் கட்டடத்தில், நூலகத்துக்குப் பின்னால் ஒரு புழுங்கல் அறையில். கீழே யாராவது ஒரு பெயரைக் கேட்டால், கீழ் மெஷின் கேபிள் வழியாக மேல் மெஷினைக் கேட்டு, அது சொல்வதை இங்கே ஒப்புவிக்கும்.

பிரித்து வைக்கச் சொன்னவர் பணிப்பாளர். கலவரத்தில் ஒரு கந்தோர் எரிந்து, அதிலிருந்த பைல் எல்லாம் சாம்பலானதைக் கண்ணால் கண்ட மனிதர். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே நெருப்பில் போய்விடும் என்றார். பயம் நியாயமானதுதான். மெஷின் பூட்டக் கொழும்பிலிருந்து வந்த கம்பனிக்காரர்களும் நன்றாகத் தலையாட்டினார்கள். நெருப்புக்குப் பயமென்றால் இரண்டு பிரதி வேண்டும், நீங்கள் செய்வது இரண்டு பாதி, ஒரு பாதி போனால் மற்றப் பாதியும் ஒன்றுக்கும் உதவாது என்று நான் நாக்குத் தேயச் சொன்னேன். பணிப்பாளர் சிரித்துக்கொண்டு, மிஸ் எப்போதும் கெட்டதையே நினைக்கிறீர்கள் என்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் அறை வாடகைக்கு எடுத்து, அந்த அறைக்கும் பொலிஸில் பதிவு வைத்திருக்கிற ஒருத்தி வேறு எதைத்தான் நினைப்பது?

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. மேல் மெஷின் பதில் தராவிட்டால், இப்போது கேட்க முடியவில்லை என்று கீழ் மெஷின் சொல்ல வேண்டும். சொல்லாது. சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, அப்படி ஒருவர் இல்லை என்று அடித்துச் சொல்லும். இதைக் கம்பனிக்காரனுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது, அது சின்ன விசயம் மிஸ், அடுத்தமுறை வரும்போது செய்து தருகிறோம் என்றான். அடுத்தமுறை வரவேயில்லை. மேலே மின்சாரம் போகும் நாளெல்லாம் கீழே நாங்கள் எல்லோரும் இல்லாதவர்களாகிவிடுவோம்.

மின்சாரம் போனதற்கு மின்சார சபையைக் குறை சொல்ல முடியாது. கண்டியில் பின்னேரத்து இடி பழகிப்போன சங்கதி. முதல் முழக்கம் கேட்டதும் வீட்டுக்கு வீடு டீவி வயரைப் பிடுங்கிவிடுவார்கள். எங்கள் மேல் கட்டடத்துப் பராமரிப்பாளர் அவர்களையும் மிஞ்சினவர். முழுக் கட்டடத்துக்குமான மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். மெஷினுக்கு ஒரு பற்றரிப் பெட்டி இருந்தது, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை தாங்கும். சுவிட்சை இறக்க வேண்டாம் என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினேன். "இடிக்கு வாசிக்கத் தெரியாதே மிஸ்" என்றார் மனிதர், சிங்களத்தில், வெகு நிதானமாக.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் திகனப் பக்கத்து முஸ்லிம். அண்ணன் முறைக்கு அவரை நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மிஸ் என்பார். எங்கள் இடத்தில் எல்லோருடைய குரலும் அவருக்குப் பாடம். நான் 'ஹலோ' என்றதுமே தடிமன் பிடித்து மூக்கடைத்திருப்பதைக் கண்டுகொண்டு, "மிஸ், கொத்தமல்லி அவிச்சிக் குடிச்சீங்களா இல்லியா?" என்று கேட்பார். நோன்பு நாட்களில் கஞ்சி கொண்டுவந்து தருவார். அந்த ஊரில் எனக்கு உறவென்று சொல்ல இருந்த ஒரே ஆள் அவர்தான் என்றாலும் பிழையில்லை.

அந்த நாட்களில் தெருவில் தமிழரை மறித்தால், வேலை செய்யும் இடத்துக்குப் போன் எடுத்து, இன்னார் உங்கள் ஆளா என்று பொலிஸ் கேட்கும். நானா ஓம் என்றால் விட்டுவிடுவார்கள். ஒருதடவை, எங்களிடமிருந்து எப்போதோ விலகிப்போன ஒரு பொடியனுக்காகவும் நானா ஓம் சொல்லிவிட்டார். பாவம் என்று சொன்னதுதான். சிவில் உடுப்பில் வந்தவர்கள் நானாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பகல் முழுதும் வைத்து விசாரித்தார்கள். திரும்பி வந்தவரின் சேர்ட்டில் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. அதற்குப் பிறகு பணிப்பாளர் ஒரு சுற்றறிக்கை விட்டார். பொலிஸ் கேட்டால் தெரியும், தெரியாது என்ற கதையே வேண்டாம், டிரெக்டரி திரையில் என்ன காட்டுகிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும்.

மேல் மெஷினுக்கு ஒரு நெட்வேர்க் கார்ட் வாங்க நான் கண்டிக்குப் போனது ஒரு ஐப்பசிப் பின்னேரம். வாங்கிக்கொண்டு குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு வந்தால், யாரோ விட்டுப்போன ஒரு பொதிக்காகப் பொலிஸ்காரர்கள் எல்லோரையும் இறக்கி வைத்திருந்தார்கள். பொதிக்குள் பழைய சப்பாத்துத்தான் இருந்ததாம். அது தெரியவந்த பிறகும் அடையாள அட்டை பார்ப்பது நிற்கவில்லை. என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். என் கைப்பையில் சுருட்டின கேபிள், வயர் நுனி கடிக்கிற குறடு, பச்சை நிறத்தில் ஒரு கார்ட். வேறென்ன வேண்டும். பக்கத்தில் ஒரு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பெண்களுக்கென்று போட்டிருந்த நீட்டு வாங்கில் உட்கார வைத்தார்கள்.

வாங்கில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். மலையகத்துப் பெண், என்னிலும் நாலைந்து வயது குறைவாக இருக்கலாம். தோட்டத்திலிருந்து வந்து கண்டியில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாளாம். அந்த வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார்கள். மேசையில் இருந்த பொலிஸ் சார்ஜன் அந்த வீட்டுக்குப் போன் எடுத்துப் பார்த்தார், மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

"அந்திக்கு வண்டி வருமாம் அக்கா" என்றாள் அவள். "ஆள் வந்து பொறுப்பெடுக்காதவங்கள ஏத்திக்கிட்டுப் போயிருவாங்களாம். எங்க தோட்டத்து லயத்துல ஒரு புள்ளய இப்பிடித்தான் கொண்டு போனாங்க. வர்றதுக்கு வருசம் ஆயிருச்சு."

வருசமா என்று கேட்டேன். ஆனாலும் எனக்கென்ன, நானா இருக்கிறார், ஒரு போன் போதும் என்று நினைத்தேன். சார்ஜன் கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. நங்கி, அதாவது தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். என் கண்முன்னாலேயே எங்கள் நிறுவனத்துக்குப் போன் எடுத்து, பெயரும் இலக்கமும் சொல்லி, காத்திருந்து, சரி என்று வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் தங்கச்சி இல்லை.

"அப்படி ஒருவர் அங்கே இல்லையாம்."

"யார் சொன்னது? டெலிபோனில் இருக்கிறவரா?"

"அவர்தான். கொம்பியூட்டரிலும் பார்த்தாராம்."

அந்த நேரம் எனக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். என் தடிமனுக்குக் கொத்தமல்லி சொன்ன வாய் எப்படி இல்லை என்று சொல்லும்? பாழ்படுவார், நாசமாய்ப் போவார் என்று மனதுக்குள் நல்லாய்த் திட்டினேன். அப்போதுதான் ஹந்தானை மலைப் பக்கம் இடி உருண்டது. எல்லாம் விளங்கிவிட்டது. மேல் கட்டடத்துப் புண்ணியவான் சுவிட்சை இறக்கியிருக்கிறார். பற்றரி தீர்ந்திருக்கிறது. கீழ் மெஷின் என்னை இல்லை என்று சொல்லியிருக்கிறது. நானா அதைப் பார்த்து வாசித்திருக்கிறார்.

ஒரேயொரு போன் நானே பேசுகிறேன் என்று கெஞ்சினேன். சார்ஜன் யோசித்துவிட்டு, சிங்களத்தில் மட்டும் பேசு என்று ரிசீவரைத் தந்தார். என் சிங்களம் கடைக்கும் கந்தோருக்கும் காணும், பதறும்போது காணாது.

"மேலே இருப்பதை முதலில் எழுப்புங்கள். அது முழுதாக எழும்பும் வரைக்கும் கீழே இருப்பதைத் தொட வேண்டாம். பிறகு கீழே இருப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள்" என்று நானாவுக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் நானா ஹா, ஹா என்று, சிங்களத்தில் சரி சரி என்று, மட்டும் சொன்னார்.

சார்ஜன் ரிசீவரை வாங்கி வைத்தார். "மேலே யார் இருக்கிறது? கீழே யார்?"

"மெஷின், சேர். இரண்டும் மெஷின்."

"மெஷினையா எழுப்பச் சொன்னாய்?" என்றவர் என் குறட்டை எடுத்து மறுபடி புரட்டிப் பார்த்தார். ஆட்களின் பெயர்கள் ஒரு மெஷினில், கேட்டால் சொல்வது இன்னொரு மெஷின் என்று விளக்கினேன். யாருடைய பெயர்கள் என்றார். விளக்க விளக்க நான் இன்னும் பெரிய ஆளாகிக்கொண்டு போகிறேன் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இருந்த இருப்பை என்னவென்று சொல்வது. வாங்கில் இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் விடவில்லை. இடி ஓயாமல் பராமரிப்பாளர் சுவிட்சை ஏற்றமாட்டார். ஏற்றினாலும் நானா பொறுமையில்லாமல் கீழ் மெஷினை முதலில் போட்டுவிட்டால், அது மேல் மெஷினைக் காணாமல் மறுபடியும் இல்லை என்றே சொல்லும். வெளியில் எந்த வாகனம் வந்து நின்றாலும் அந்தப் பெண் என் முழங்கையைப் பிடித்தாள். நீ சும்மா இரு பிள்ளை, அது பஸ் என்று நான் எரிந்து விழுந்தேன். சார்ஜன் தேத்தண்ணிக்குப் போய்விட்டார். வந்ததும் இன்னொருதரம் எடுங்கள் சேர் என்றேன். பிறகு என்றார். கொஞ்சம் விட்டு மறுபடி கேட்டேன். என் கரைச்சல் தாங்காமல் போனை இழுத்தார்.

இந்தமுறை இருந்தேன். பெயர், பகுதி, அட்டை இலக்கம், எல்லாம் சரி.

பையைத் திருப்பித் தந்து, போகச் சொல்லிவிட்டார். நான் எழும்பினேன். அவள் எழும்பவில்லை.

"நீங்க போங்கக்கா" என்றாள். "ஒங்களுக்காவது சொல்றதுக்கு ஒரு கம்பியூட்டர் இருக்கு."

பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குச் சிரிக்க வரவில்லை. ஒரு மெஷின் இல்லை என்றதும் இல்லாமற் போனேன், அதே மெஷின் இருக்கு என்றதும் இருக்கிறேன். அவ்வளவுதானா என்று வந்தது. கால் வாசலுக்குப் போகாமல் மேசைக்குப் போனது. "இவளும் எங்கள் இடத்து ஆள்தான் சேர்" என்றேன். "கன்டீனில். தற்காலிக வேலை."

"இவ்வளவு நேரமும் ஏன் சொல்லவில்லை? வீட்டு வேலை என்றல்லவா சொன்னாள்?"

"இரண்டும் செய்கிறாள். பயத்தில் சொல்லவில்லை."

சார்ஜன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டி வருவதற்கு முன்னால் போன் எடுத்துப் பார்க்கிறேன், கொம்பியூட்டரில் இருந்தால் விடுகிறேன், இல்லாவிட்டால் உன்னையும் தேடி வருவேன் என்றார். மேசையில் கிடந்த அவளுடைய அட்டையில் பெயரையும் இலக்கத்தையும் ஒரு பார்வையில் மனதில் ஏற்றிக்கொண்டு வெளியே பாய்ந்தேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை, த்ரீவீலர் பிடித்தேன். வழி நெடுக இலக்கத்தை முணுமுணுத்துக்கொண்டே போனேன். சாரதி கண்ணாடியில் பார்த்து, கோயிலுக்கா மிஸ் என்று கேட்டான். ஒவ்வொரு வளைவிலும் எனக்கு ஒரு புதுப் பயம் வந்தது. அவள் யார்? எனக்கு என்ன தெரியும்? சொன்னதெல்லாம் பொய்யென்றால்? நாளைக்கு ஒன்று வெடித்து, இந்தப் பெயரை யார் பதிந்தது என்று தேடி வந்தால் நான் என்ன சொல்வேன்? அம்மாவுக்கு யார் சொல்வார்கள்? திருப்பு என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. துணிச்சல் என்று நினைக்க வேண்டாம், அந்த வாங்கில் இருந்துவிட்டு வந்தவளுக்கு அப்படிச் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

புதுப் பெயரை டேட்டாபேஸில்தான் பதிய வேண்டும், அதற்கு மேல் கட்டடம். கொட்டும் மழையில் ஏற்றம் ஏறினேன். பெயர், இலக்கம், பகுதி கன்டீன், தற்காலிகம் என்று அடித்தேன். அவசரத்தில் இலக்கம் இரண்டுதரம் பிழைத்தது. அடித்து முடித்துத் திரும்பினால், ஓய்ந்திருந்த இடி மறுபடி முழங்கின சத்தத்துக்குப் பராமரிப்பாளர் மெயின் சுவிட்சுக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"இன்றைக்கு மட்டும் தொட வேண்டாம்" என்றேன் சிங்களத்தில்.

"மெஷின் எரிந்து போகும் மிஸ்."

"எரியட்டும். எரிந்தால் என் தலையில் போடுங்கள். போன் வந்து முடியும்வரை தொட்டால் நான் பொல்லாதவள்." என் முகத்தில் என்ன கண்டாரோ, கையை இறக்கினார்.

கீழே ஓடினேன். எக்ஸ்சேஞ்ச் அறையில் நானா கதிரையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். நான் சொட்டச் சொட்ட நின்றேன். அவரைத் திட்டுவதற்கென்று வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டைக்கு வந்தன.

"நானா, உங்களுக்கு என்னைத் தெரியாதோ?"

"தெரியும் மிஸ்." கண்ணைத் துடைத்தார். "ஏசணுமிண்டா ஏசுங்க. அந்தப் பொடியனயும் எனக்குத் தெரியும்தானே. தெரியும்னு சொன்னதுக்குத்தானே என்னயக் கொண்டு போனாங்க. ஸ்கிரீன்ல இல்லண்டு வந்திச்சி, தெரியும்னு சொல்ல நாக்கு பெரளல்ல. வீட்டுல புள்ளைகள் இரிக்கி மிஸ்."

அதற்கு மேல் என்னத்தை ஏசுவது. அவளுடைய பெயரைச் சொன்னேன். பொலிஸ் கேட்கும், திரையில் இருக்கும், அதை வாசித்தால் போதும் என்றேன். யார் எவள் என்று நானா கேட்கவில்லை. கன்டீனில் அப்படி ஒருத்தி கிடையாது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் இடத்தில் இல்லை.

போன் அடித்தது. நானா பெயரைக் கேட்டு, அடித்தார். கீழ் மெஷின் யோசித்தது. மேலே சுவிட்ச் இன்னும் மேலேதான் இருக்கிறதா என்று எனக்கு உயிர் போய் வந்தது. திரையில் வந்தாள்.

"இருக்கிறார் சேர்" என்று சிங்களத்தில் சொன்னார் நானா. "கன்டீன். தற்காலிகம்." வைக்கப்போனவர் வைக்கவில்லை. மறுமுனையில் சார்ஜன் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சத்தமாகத்தான் கேட்டார், எனக்கும் கேட்டது. கொம்பியூட்டரை விடு, உனக்கு இவளை நேரில் தெரியுமா?

சுற்றறிக்கை இருக்கிறது, திரையில் உள்ளதைத்தான் சொல்லலாம் என்று நானா சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் குறை சொல்லியிருக்கமாட்டேன். நானா ரிசீவரை மற்றக் கைக்கு மாற்றினார். என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

"தெரியாமல் என்ன சேர். தினமும் அந்தப் பிள்ளை கையால்தானே தேத்தண்ணி குடிக்கிறேன்."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். நானா ஹா, ஹா என்றார். ரிசீவரை வைத்தார். கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"விடுறாங்களாம்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். வெளியே இடி நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"மிஸ்" என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி. "அந்தப் புள்ள நல்ல புள்ளயா?"

"தெரியாது நானா" என்றேன்.